யுனிக்ஸ் பயனர் பெயர், கடவுச்சொல் நீள வரம்புகள்

யுனிக்ஸ் மற்றும் யுனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில், பயனர் ஒவ்வொருவரும் ஒரு பயனர் பெயரையும் ஒரு கடவுச்சொல்லையும் கொண்டு கணினியினுள் நுழைகின்றனர். இவை எத்தனை எழுத்துகளுக்கு மிகக்கூடாது, எத்தனை எழுத்துகளுக்குக் குறையக்கூடாது, எவ்வகை எழுத்துகளால் அமையலாம் என்பவற்றை வரையறுக்கும் விதிகள் நீள வரம்புகள் எனப்படுகின்றன. இவ்விதிகள் ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. சில வரம்புகள் நிர்வாகி மாற்றக்கூடிய அமைவுக் கோப்புகளில் உள்ளன. சில நிரல் தொகுக்கப்படும்போதே நிலைபெற்று விடுகின்றன. வேறு சில கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யும் முறையிலேயே அடங்கியுள்ளன. ஓரிடத்தில் வரம்பை உயர்த்துவதால் மற்றோர் இடத்திலுள்ள வரம்பு தானாக உயர்வதில்லை. இதனால், நீளமான கடவுச்சொல் வைத்திருப்பதாகப் பயனர் நம்பிக்கொண்டிருக்க, கணினி அதன் முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே சரிபார்க்கும் நிலை பல ஆண்டுகள் நிலவியது.

இவ்வரம்புகள் பெரும்பாலும் பைட்டுகளில் கணக்கிடப்படுகின்றன. ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றது. எனவே ஒரே வரம்பு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றது.

பெயரும் எண்ணும்

யுனிக்ஸ் கருனி (கெர்னல்) பயனர்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் வழங்கப்படுகின்றது. கோப்பின் உரிமையாளர் யார், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் யாருடையது என்பன இவ்வெண்ணைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. மூலப் பயனரின் (ரூட்) எண் 0 ஆகும். பெயர் என்பது மனிதர்களின் வசதிக்காக இவ்வெண்ணுக்கு இடப்பட்ட அடையாளம் மட்டுமே.

பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல், இடிசி அடைவில் உள்ள பாஸ்வேர்டு கோப்பில் வைக்கப்படுகின்றது. கோப்பின் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்களைக் கொண்டது. தொடக்கத்தில் மறையாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொல்லும் இதே கோப்பில் இருந்தது. அதை அனைவரும் படிக்க முடிந்ததால், பிற்காலத்தில் மூலப் பயனர் மட்டும் படிக்கக்கூடிய ஷாடோ கோப்புக்கு அது மாற்றப்பட்டது.

பயனர் பெயரின் நீளம்

தொடக்ககால யுனிக்ஸில் பயனர் பெயர் எட்டு எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில், யார் எந்த முனையத்தில் நுழைந்துள்ளார் என்பதைப் பதியும் கோப்பில் பெயருக்கென எட்டு பைட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. பிற நிரல்களும் இந்த அளவையே பின்பற்றின. பாசிக்ஸ் செந்தரமும், எந்தவொரு கணினியும் குறைந்த அளவாக எட்டு எழுத்துப் பெயர்களை ஏற்க வேண்டும் என்றே கூறுகின்றது. இச்செந்தரத்தில் இதன் மதிப்பு 9 எனக் காணப்படும். சரத்தின் முடிவைக் குறிக்கும் வெற்றுப் பைட்டும் அதில் சேர்க்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

இவ்வரம்பு தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு மிகவும் குறுகியதாகும். சுப்ரமணியன், சுப்ரமணியம், சுப்ரமணி ஆகிய மூன்று பெயர்களையும் வழக்கமான முறையில் ரோமன் எழுத்துகளில் எழுதினால், முதல் எட்டு எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். மீனாட்சி, மீனாட்சிசுந்தரம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஊர்ப்பெயர்களும் விதிவிலக்கல்ல. வடசென்னையிலுள்ள சாத்தாங்காடு என்னும் பெயர் ரோமனில் பத்து எழுத்துகளாகும். அங்கே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தையில் இயங்கும் ஒரு பண்டகசாலை, தன் கிளையின் கணக்குக்கு ஊர்ப்பெயரையே வைக்க விரும்பினால், எட்டு எழுத்து வரம்புள்ள கணினியில் 'சாத்தாங்கா' என்பதோடு நிறுத்த வேண்டியிருக்கும்.

வரம்பை மீறிய பெயர்களைக் கணினிகள் ஒரே விதமாகக் கையாள்வதில்லை. சில நிரல்கள் அப்பெயரை ஏற்க மறுக்கின்றன. சில எச்சரிக்கை தந்து ஏற்கின்றன. சில பெயரைக் காட்டும்போது மட்டும் வெட்டுகின்றன. லினக்ஸில் இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை, பத்திக்குள் அடங்காத நீண்ட பெயருக்குப் பதிலாகப் பயனர் எண்ணைக் காட்டி வந்தது. பின்னைய பதிப்புகள் பெயரை வெட்டி இறுதியில் ஒரு கூட்டல் குறியை இடுகின்றன. பதிவேடுகளில் வெட்டப்பட்ட பெயர்கள் இடம்பெறும்போது, ஒரு செயலைச் செய்தவர் யார் என்பதில் ஐயம் எழக்கூடும்.

இயக்குதளங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகள்

- லினக்ஸ்: நுழைவுப் பதிவுக் கோப்பில் பெயருக்கு 32 பைட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. பயனரைச் சேர்க்கும் யூசர்ஆட் கட்டளையும் நெடுங்காலம் 32 எழுத்துகளையே மேல்வரம்பாகக் கொண்டிருந்தது. இக்கட்டளையை வழங்கும் தொகுப்பின் அண்மைய பதிப்புகளில் வரம்பு கணினியின் லாகின்_நேம்_மேக்ஸ் மதிப்பைச் சார்ந்தது; லினக்ஸில் அது 256 ஆகும். ஆயினும் சிஸ்டம்டி என்னும் சேவை மேலாண்மை மென்பொருள் தன் கண்டிப்பான விதியில் 31 எழுத்துகளையே ஏற்கின்றது.
- ஃப்ரீபிஎஸ்டி: 16 எழுத்துகளாக இருந்த வரம்பு 10-ஆம் பதிப்பில் 32 ஆக உயர்த்தப்பட்டது. இது நிரல் தொகுக்கப்படும்போது நிலைபெறும் மாறிலி ஆதலால் அமைவுக் கோப்பின் மூலம் மாற்ற இயலாது.
- ஏஐஎக்ஸ்: எட்டு எழுத்துகள் என்பதே முன்னிருப்பு. 5.3 பதிப்பிலிருந்து மேக்ஸ்_லாக்நேம் என்னும் பண்பை மாற்றி 255 எழுத்துகள் வரை உயர்த்தலாம். இதற்கும் வெற்றுப் பைட்டு கணக்கில் சேர்க்கப்படுவதால் அமைக்கும் மதிப்பு 9 முதல் 256 வரை இருக்கும். கணினியை மறுபடி தொடங்கிய பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

ஒரு வலையமைப்பில் இவ்வாறு வெவ்வேறு இயக்குதளங்கள் சேர்ந்து இயங்குமானால், அவற்றுள் மிகக் குறைந்த வரம்பே நடைமுறையில் அனைத்துக்கும் வரம்பாகின்றது.

ஏற்கப்படும் எழுத்துகள்

பாசிக்ஸ் செந்தரத்தின்படி எல்லாக் கணினிகளிலும் செல்லத்தக்க பயனர் பெயர் ரோமன் எழுத்துகள், எண்கள், புள்ளி, அடிக்கோடு, இணைப்புக்கோடு ஆகியவற்றால் மட்டும் ஆனதாகும். இணைப்புக்கோடு முதலெழுத்தாக வரக்கூடாது; வந்தால் கட்டளைகள் அதனைப் பெயராகக் கொள்ளாமல் தமக்கான விருப்பத்தேர்வாகக் கருதிவிடும். முக்காற்புள்ளி பாஸ்வேர்டு கோப்பின் புலங்களைப் பிரிக்கும் குறி ஆதலால் பெயரில் வர இயலாது. புள்ளி செந்தரத்தில் ஏற்கப்பட்டாலும், பழைய சௌன் கட்டளை பயனரையும் குழுவையும் பிரிக்கப் புள்ளியைப் பயன்படுத்தியதால் பல நிர்வாகிகள் அதைத் தவிர்க்கின்றனர். எண்களால் மட்டும் ஆன பெயர் பயனர் எண்ணுடன் குழப்பம் விளைவிக்கும்.

டெபியன் லினக்ஸில் ஆட்யூசர் கட்டளை முன்னிருப்பாகச் சிறிய ரோமன் எழுத்தில் தொடங்கும் பெயர்களையே ஏற்கின்றது. அதன் அமைவுக் கோப்பில் உள்ள நேம்_ரெஜெக்ஸ் என்னும் வரியை மாற்றி இவ்விதியைத் தளர்த்தலாம். ஆயினும் பயனர் பெயரை ரோமனிலேயே வைத்துக்கொண்டு, முழுப்பெயருக்கென உள்ள ஐந்தாவது புலத்தில் தமிழ்ப் பெயரை எழுதுவது பாதுகாப்பான வழியாகும்.

கடவுச்சொல்லின் மூன்று நீளங்கள்

கடவுச்சொல்லின் நீளம் பற்றிப் பேசும்போது மூன்று வெவ்வேறு அளவுகள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

1. குறைந்த அளவு: புதிய கடவுச்சொல்லை அமைக்கும்போது இதைவிடக் குறுகியது மறுக்கப்படும்.
2. மிகுந்த அளவு: உள்ளீடாகத் தட்டச்சு செய்யக்கூடிய உச்ச நீளம்.
3. பயன்படு அளவு: மறையாக்க முறை உண்மையில் கணக்கில் கொள்ளும் பைட்டுகளின் எண்ணிக்கை.

பாதுகாப்பைத் தருவது மூன்றாவது அளவு மட்டுமே. முதல் இரண்டையும் எவ்வளவு உயர்த்தினாலும், மறையாக்க முறை எட்டு பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுமாயின் எஞ்சியவை வீணாகின்றன. இவ்வாறு வெட்டப்படும்போது பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் காட்டப்படுவதில்லை.

மரபுவழிக் கிரிப்ட் முறை

யுனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றிய முதன்மையான ஆய்வு ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகியோரால் 1979-இல் வெளியிடப்பட்டது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 86 விழுக்காடு மிகக் குறுகியவையாகவோ, சிறிய எழுத்துகளால் மட்டும் ஆனவையாகவோ, அகராதிகளிலும் பெயர்ப் பட்டியல்களிலும் காணப்படுபவையாகவோ இருந்தன. ஒரே எழுத்தாலான கடவுச்சொல்லை 15 பேர் வைத்திருந்தனர். இதன் பின்னரே குறைந்த அளவு விதி கொண்டுவரப்பட்டது. ஏழாம் பதிப்பின் கையேட்டின்படி, பலவகை எழுத்துகள் கலந்திருந்தால் நான்கு எழுத்துகள், ஒரே வகை எழுத்துகளாயின் ஆறு எழுத்துகள் தேவை. பயனர் விடாப்பிடியாக நின்றால் இவ்விதி தளர்த்தப்படும் என்றும் அக்கையேடு கூறியது.

ஏழாம் பதிப்பில் கடவுச்சொற்களை மறையாக்கம் செய்ய, டிஇஎஸ் என்னும் மறையீட்டுச் செந்தரத்தை அடிப்படையாகக் கொண்ட கிரிப்ட் செயற்கூறு பயன்பட்டது. டிஇஎஸ் முறையின் திறவு 56 பிட் நீளமானது. கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கீழ்நிலையில் உள்ள ஏழு பிட்டுகளை எடுத்தால் 56 பிட்டுகள் கிடைக்கும். எட்டு எழுத்து வரம்பு இவ்வாறே தோன்றியது. ஒன்பதாவது எழுத்துக்குத் திறவில் இடமில்லை. ஒவ்வொரு பைட்டின் எட்டாவது பிட்டும் கைவிடப்பட்டது. அக்காலத்தில் பயன்பட்ட ஆசுக்கி எழுத்துகளுக்கு ஏழு பிட்டுகளே போதுமானவையாக இருந்ததால் இது குறையாகத் தோன்றவில்லை.

இத்திறவைக் கொண்டு 25 முறை மறையாக்கம் செய்யப்பட்டது. ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் விளைவு வேறுபட வேண்டும் என்பதற்காகச் சால்ட் (உப்பு) எனப்படும் 12 பிட் தற்போக்கு மதிப்பு சேர்க்கப்பட்டது. இறுதியில் கிடைக்கும் மறைசரம் 13 எழுத்துகள் கொண்டது.

பின்வந்த முறைகள்

கணினிகளின் வேகம் பெருகியதால் 56 பிட் திறவு போதாமல் போயிற்று. 1990களில் ஃப்ரீபிஎஸ்டியில் பால்-ஹென்னிங் கேம்ப் உருவாக்கிய எம்டி5 வழிமுறை எட்டு எழுத்து வரம்பை நீக்கியது. 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவைச் சேர்ந்த நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மாசியேர் ஆகியோர் பிகிரிப்ட் முறையை வெளியிட்டனர். கணினியின் வேகத்துக்கேற்பக் கணிப்பின் கடுமையை உயர்த்திக்கொள்ள இது இடமளித்தது. எனினும் இதிலும் ஒரு வரம்பு உண்டு: 72 பைட்டுகளுக்கு மேற்பட்டவை கணக்கில் கொள்ளப்படுவதில்லை. 2007-இல் உல்ரிக் டிரெப்பர் எஸ்எச்ஏ-256, எஸ்எச்ஏ-512 அடிப்படையிலான முறைகளை வரையறுத்தார். இவற்றில் முன்னிருப்பாக 5,000 சுற்றுகள் கணிக்கப்படுகின்றன. டெபியன் 11, ஃபெடோரா 35 ஆகியவை 2021-இல் யெஸ்கிரிப்ட் முறையை முன்னிருப்பாக ஏற்றன.

ஒரு கணக்கு எம்முறையில் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதை ஷாடோ கோப்பின் இரண்டாவது புலத்தைப் பார்த்து அறியலாம்.

| மறைசரத்தின் தொடக்கம் | முறை | பயன்படு அளவு |
|---|---|---|
| டாலர் குறி இல்லை, மொத்தம் 13 எழுத்துகள் | மரபுவழிக் கிரிப்ட் | 8 பைட்டுகள், ஒவ்வொன்றிலும் 7 பிட்டுகள் |
| $1$ | எம்டி5 | எட்டு எழுத்து வரம்பு இல்லை |
| டாலர் குறிகளிடையே 2 என்னும் எண்ணும் ஓர் எழுத்தும் | பிகிரிப்ட் | 72 பைட்டுகள் |
| $5$ | எஸ்எச்ஏ-256 | எட்டு எழுத்து வரம்பு இல்லை |
| $6$ | எஸ்எச்ஏ-512 | எட்டு எழுத்து வரம்பு இல்லை |
| டாலர் குறிகளிடையே ஒய் எழுத்து | யெஸ்கிரிப்ட் | எட்டு எழுத்து வரம்பு இல்லை |

எம்டி5 முறையில் நீள வரம்பு நீங்கினாலும், அது இன்றைய கணினிகளுக்கு மிக எளிதில் கணிக்கத்தக்கது ஆதலால் பயன்படுத்தத் தகுந்ததன்று.

தமிழ் எழுத்துகளும் பைட்டுக் கணக்கும்

ஒருங்குறியில் தமிழுக்கு 72 குறியெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. உயிர்மெய் எழுத்து ஒன்று பெரும்பாலும் இரண்டு குறியெண்களால் ஆனது. எடுத்துக்காட்டாக, 'சா' என்பது ச என்னும் குறியெண்ணும் கால் குறியும் சேர்ந்தது. 'த்' என்பது த என்னும் குறியெண்ணும் புள்ளியும் சேர்ந்தது. யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகளாவதால், 'சா' என்னும் ஓர் எழுத்து ஆறு பைட்டுகளைப் பெறுகின்றது. வடசென்னை ஊர்ப்பெயர்கள் சிலவற்றின் அளவுகள் பின்வருமாறு:

| பெயர் | தமிழ் எழுத்துகள் | குறியெண்கள் | பைட்டுகள் | ரோமனில் எழுத்துகள் |
|---|---|---|---|---|
| எண்ணூர் | 4 | 7 | 21 | 6 |
| ராயபுரம் | 5 | 8 | 24 | 9 |
| சாத்தாங்காடு | 6 | 12 | 36 | 10 |
| திருவொற்றியூர் | 7 | 14 | 42 | 13 |

ஆறு எழுத்துகளே கொண்ட சாத்தாங்காடு என்னும் சொல், 32 பைட்டு அளவுள்ள பயனர் பெயர்ப் புலத்தில் அடங்காது. பிகிரிப்ட் முறையில் இச்சொல்லை இருமுறை எழுதினால் 72 பைட்டுகளும் நிறைந்துவிடும். அதன்பின் சேர்க்கப்படும் எதற்கும் பயன் இராது.

எட்டு பைட்டுகளில் தமிழ்

மரபுவழிக் கிரிப்ட் முறையில் விளைவு இன்னும் கடுமையானது. எட்டு பைட்டுகளில் இரண்டு குறியெண்கள் முழுமையாக அடங்கும். மூன்றாவது குறியெண்ணின் முதல் இரண்டு பைட்டுகள் மட்டும் இடம்பெறும். தமிழ்க் குறியெண்களின் முதல் பைட்டு எப்போதும் ஒன்றே. இரண்டாவது பைட்டுக்கு இரண்டே மதிப்புகள் உண்டு. மெய்யெழுத்துகளுக்கான குறியெண்கள் அனைத்துக்கும் அது ஒரே மதிப்பாகும். குறியெண்களை வேறுபடுத்திக் காட்டுவது பெரும்பாலும் மூன்றாவது பைட்டே. அதுதான் இங்கே வெட்டப்படுகின்றது.

எனவே, 'சாத்தாங்காடு' என்பதைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பவரின் கணக்கில் 'சாலை' என்றோ 'சாப்பாடு' என்றோ தட்டச்சு செய்தும் நுழைய முடியும். மூன்றும் 'சா' எழுத்தில் தொடங்கி அடுத்து ஒரு மெய் அல்லது உயிர்மெய்யைக் கொண்டிருப்பதால், முதல் எட்டு பைட்டுகளும் ஒன்றே. இதேபோல் திருவொற்றியூர், திருநெல்வேலி, திமிங்கலம் ஆகிய மூன்றும் ஒரே கடவுச்சொல்லாகும். இவ்வாறு தமிழ் எழுத்துகளால் மட்டும் அமைந்த எட்டு பைட்டுத் தொடக்கங்கள் மொத்தமாகவே 10,368-க்கு மேற்படா (72 × 72 × 2). பேச்சு வழக்கில் உள்ள சொற்களால் அமைவன இதனினும் மிகக் குறைவு. கணினி இவையனைத்தையும் நொடிப்பொழுதில் முயன்று பார்த்துவிடும்.

ஒருங்குறிக்கு முன் வழங்கிய டிஸ்கி போன்ற எட்டு பிட் குறிமுறைகளில் வேறொரு சிக்கல் இருந்தது. அவற்றில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களைப் பெற்றிருந்தன. எட்டாவது பிட்டு கைவிடப்படும்போது, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தன்னைவிட 128 குறைந்த எண்ணுக்குரிய ஆசுக்கிக் குறியாகவே கருதப்பட்டது.

குறைந்த அளவு எளிதில் நிறைவேறுதல்

பைட்டுக் கணக்கு குறைந்த அளவு விதியையும் வலுவிழக்கச் செய்கின்றது. லினக்ஸில் கடவுச்சொல்லின் தரத்தைச் சரிபார்க்கும் கூறுகள் நீளத்தைப் பைட்டுகளில் எண்ணுகின்றன. நிர்வாகி குறைந்த அளவை 12 என அமைத்தால், 'சாலை' என்னும் இரண்டெழுத்துச் சொல் நான்கு குறியெண்களும் பன்னிரண்டு பைட்டுகளும் கொண்டிருப்பதால் நீள விதியை நிறைவு செய்துவிடும். மேலும் தமிழ் பைட்டுகள் ரோமன் எழுத்தாகவோ எண்ணாகவோ கருதப்படாமல் சிறப்புக் குறிகளாக எண்ணப்படுகின்றன. சிறப்புக் குறி கட்டாயம் என்னும் விதியும் இதனால் நிறைவேறிவிடுகின்றது. சரிபார்க்கப் பயன்படும் அகராதியில் தமிழ்ச் சொற்கள் சேர்க்கப்படாதவரை, மிக எளிய சொல் என்று கண்டறிந்து மறுப்பதற்கும் வழியில்லை.

ஒரே சொல்லின் இரு வடிவங்கள்

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். 'வொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரு குறியெண்களாகவும் அமைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒருங்குறிச் செந்தரமும் இவற்றை நிகரானவை என்றே கூறுகின்றது. ஆனால் மறையாக்க முறைக்கு இவை வெவ்வேறு பைட்டுகளாகும். திருவொற்றியூர் என்பது முதல் வகையில் 42 பைட்டுகளும் இரண்டாம் வகையில் 45 பைட்டுகளும் பெறும். ஒரு விசைப்பலகை மென்பொருளில் அமைத்த கடவுச்சொல், வேறொரு மென்பொருளில் சரியாகத் தட்டச்சு செய்தும் ஏற்கப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். 2017-இல் வெளியான 8265-ஆம் எண்ணுடைய இணையச் செந்தர ஆவணம், கடவுச்சொற்களை ஒப்பிடுமுன் இத்தகைய வடிவங்களை ஒருமைப்படுத்த வேண்டும் என்கின்றது. லினக்ஸின் வழக்கமான நுழைவு முறை இவ்வாறு ஒருமைப்படுத்துவதில்லை.

வரம்புகளை அமைக்கும் முறை

லினக்ஸ்

இடிசி அடைவில் உள்ள லாகின்.டெஃப்ஸ் கோப்பில் பாஸ்_மின்_லென் என்னும் வரி காணப்படும். பழைய நூல்கள் குறைந்த அளவை இங்கே மாற்றுமாறு கூறுகின்றன. ஆனால் பாம் எனப்படும் உறுதிப்பாட்டுக் கூறுகளைப் பயன்படுத்தும் இன்றைய லினக்ஸ் வழங்கல்களில், கடவுச்சொல்லை மாற்றும்போது இவ்வரி பொருட்படுத்தப்படுவதில்லை. அதே கோப்பிலுள்ள பாஸ்_மேக்ஸ்_லென் மரபுவழிக் கிரிப்ட் முறைக்கு மட்டுமே உரியது.

பாம் உள்ள கணினிகளில் குறைந்த அளவு, செக்யூரிட்டி அடைவில் உள்ள பிடபிள்யூகுவாலிட்டி அமைவுக் கோப்பில் மின்லென் என்னும் பெயரில் அமைக்கப்படுகின்றது. இதன் மதிப்பை 6-க்குக் கீழ் குறைக்க இயலாது. இக்கோப்பில் சலுகை மதிப்புகள் என்னும் நான்கு அமைவுகளும் உள்ளன. அவை எண்கள், பெரிய எழுத்துகள், சிறிய எழுத்துகள், சிறப்புக் குறிகள் ஆகியவற்றுக்கு உரியவை. சலுகைக்கு 1 என்னும் நேர்மதிப்பு அளித்தால், அவ்வகை எழுத்து இடம்பெறும்போது தேவையான நீளம் ஒன்று குறையும். மின்லென் 12 ஆகவும் நான்கு சலுகைகளும் 1 ஆகவும் இருந்தால், நான்கு வகையும் கலந்த எட்டு எழுத்துக் கடவுச்சொல் ஏற்கப்படும். சலுகைக்கு எதிர்மதிப்பு அளித்தால், அத்தனை எழுத்துகள் அவ்வகையில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொருள். நிர்வாகி எதிர்பார்த்த நீளத்துக்கும் கணினி ஏற்கும் நீளத்துக்கும் வேறுபாடு காணப்பட்டால், முதலில் ஆராய வேண்டியது இச்சலுகைகளையே. மூலப் பயனருக்கு இவ்விதிகள் எச்சரிக்கையாக மட்டுமே காட்டப்படும். கட்டாயமாக்கத் தனி அமைவு உண்டு.

மறையாக்க முறை லாகின்.டெஃப்ஸ் கோப்பின் என்கிரிப்ட்_மெத்தட் என்னும் வரியிலும், பாம் அமைவில் உள்ள யுனிக்ஸ் கூற்றின் விருப்பத்தேர்விலும் குறிக்கப்படுகின்றது. இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

சோலாரிஸ்

டிஃபால்ட் அடைவில் உள்ள பாஸ்வேர்டு கோப்பின் பாஸ்லெங்த் என்னும் வரி குறைந்த அளவைத் தருகின்றது. மறையாக்க முறை செக்யூரிட்டி அடைவின் பாலிசி கோப்பில் கிரிப்ட்_டிஃபால்ட் என்னும் வரியில் உள்ளது. சோலாரிஸ் 10-இல் இதன் முன்னிருப்பு மரபுவழிக் கிரிப்ட் முறையே. பாஸ்லெங்த் மதிப்பை மட்டும் 12 ஆக உயர்த்திய நிர்வாகி, பயனர்களைப் பன்னிரண்டு எழுத்துகள் தட்டச்சு செய்ய வைத்தாரேயன்றி, எட்டுக்கு மேற்பட்ட பாதுகாப்பைப் பெறவில்லை. சோலாரிஸ் 11-இல் முன்னிருப்பு எஸ்எச்ஏ-256 ஆக மாற்றப்பட்டது.

ஏஐஎக்ஸ்

செக்யூரிட்டி அடைவின் யூசர் கோப்பில் மின்லென் அமைக்கப்படுகின்றது. எட்டுக்கு மேற்பட்ட எழுத்துகள் பயன்பட வேண்டுமாயின், லாகின் அமைவுக் கோப்பில் பிடபிள்யூடி_அல்காரிதம் என்னும் பண்பையும் மாற்ற வேண்டும்.

ஏற்கனவே உள்ள கடவுச்சொற்கள்

புதிய அமைவுகள் எதுவும் பழைய கடவுச்சொற்களைத் தொடுவதில்லை. மறையாக்கம் ஒருவழிப்பட்டது ஆதலால், சேமிக்கப்பட்ட மறைசரத்திலிருந்து மூலச் சொல்லை மீட்டு வேறு முறையில் மாற்றி எழுத கணினியால் இயலாது. பயனர் மீண்டும் கடவுச்சொல்லை அமைக்கும்வரை, பழைய எட்டு எழுத்து மறைசரமே தொடர்ந்து செல்லுபடியாகும். எனவே மறையாக்க முறையை மாற்றிய பின், சேஜ் கட்டளையால் கடைசி மாற்ற நாளை 0 என அமைத்து, அடுத்த நுழைவின்போது கடவுச்சொல்லை மாற்றுமாறு பயனர்களைக் கேட்பது வழக்கம். அதன் பின்னும் ஷாடோ கோப்பில் டாலர் குறி இல்லாத 13 எழுத்து மறைசரங்கள் எஞ்சியுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். நெடுநாள் பயன்படுத்தப்படாத கணக்குகளே பெரும்பாலும் இவ்வாறு எஞ்சும்.

வரம்புகள் தொடர்பான நிகழ்வுகள்

பிஎஸ்டி யுனிக்ஸின் பழைய மூல நிரல்களுடன், அதனை உருவாக்கியோரின் மறைசரங்கள் அடங்கிய கடவுச்சொற்கோப்பு ஒன்றும் பொதுவில் கிடைத்தது. அவற்றுள் பலவும் விரைவில் உடைக்கப்பட்டன. கென் தாம்சனின் கடவுச்சொல் 2019 அக்டோபர் வரை அறியப்படாதிருந்தது. அவ்வாண்டு வரைகலைச் செயலி ஒன்றைக் கொண்டு நான்கு நாள்களுக்கு மேல் முயன்று அது கண்டறியப்பட்டது. அரசியின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும் சதுரங்கத் தொடக்க நகர்வைக் குறிக்கும் அச்சொல், வரம்பு முழுவதையும் பயன்படுத்தி எட்டு எழுத்துகளாகவே அமைந்திருந்தது.

2017-இல், சிஸ்டம்டி மென்பொருளில் எண்ணில் தொடங்கும் பயனர் பெயர் தொடர்பான வழு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. சேவை ஒன்றை இயக்க வேண்டிய பயனரின் பெயர் எண்ணில் தொடங்கினால், அதைச் செல்லாத பெயர் எனக் கருதி அவ்வரியைப் புறக்கணித்து, சேவையை மூலப் பயனரின் உரிமையுடன் இயக்கியது.

2024-இல் ஆக்டா நிறுவனம் தன் அடையாளச் சேவையில் இருந்த குறையொன்றை அறிவித்தது. பயனர் எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் ஒரே சரமாக இணைத்து, பிகிரிப்ட் மூலம் இடைநினைவகத் திறவு உருவாக்கப்பட்டது. பயனர் பெயர் 52 எழுத்துகளோ அதற்கு மேலோ இருந்தால் கடவுச்சொல் 72 பைட்டு எல்லைக்கு வெளியே தள்ளப்படும். முன்னர் வெற்றிகரமாக நுழைந்த பதிவு இடைநினைவகத்தில் இருக்கும் சில சூழல்களில், சரியான கடவுச்சொல் இன்றியே நுழைய முடிந்திருக்கும். அவ்வாண்டு சூலையில் தோன்றிய இக்குறை அக்டோபர் இறுதியில் சரிசெய்யப்பட்டது.

தமிழ்நாட்டில்

சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளியிடப்பட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க இவ்வியக்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றிலும் இது நிறுவப்பட்டிருந்தது. தமிழில் தட்டச்சு செய்யப் பழகிய மாணவர்கள் தமிழ்ச் சொல்லையே கடவுச்சொல்லாக வைக்க விரும்புதல் இயல்பு. மரபுவழிக் கிரிப்ட் முறையைக் கைவிட்ட லினக்ஸ் கணினியில் அவ்வாறு வைத்தால் எட்டு பைட்டு வெட்டு நேராது. ஆயினும் வரைகலைத் திரை இயங்காதபோது தோன்றும் உரை முனையத்தில் தமிழ் விசைப்பலகை மென்பொருள் பொதுவாகக் கிடைக்காததால், கணினியைப் பழுதுபார்க்க வேண்டிய வேளையில் நுழைய இயலாமல் போகலாம். இதன் பொருட்டு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை ஆசுக்கி எழுத்துகளில் வைப்பது நல்லது. தமிழ்த் தொடர் ஒன்றை ரோமன் எழுத்துகளில் பல சொற்களாக எழுதி வைத்தால், நினைவில் கொள்ள எளிதாகவும் நீளமாகவும் அமையும்.

இன்றைய பரிந்துரைகள்

அமெரிக்காவின் தேசிய செந்தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கடவுச்சொல்லின் குறைந்த அளவு 8 எழுத்துகள் எனவும், குறைந்தது 64 எழுத்துகள் வரையாவது ஏற்கப்பட வேண்டும் எனவும் கூறியது. ஒவ்வோர் ஒருங்குறிக் குறியெண்ணும் ஓர் எழுத்தாக எண்ணப்பட வேண்டும் என்றும், கடவுச்சொல்லை வெட்டக்கூடாது என்றும் அது விதித்தது. இவ்விதிப்படி 'சாலை' நான்கு எழுத்துகளாகவே கணக்கிடப்பட்டு மறுக்கப்படும். 2025-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு, கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பி நுழையும் இடங்களில் குறைந்த அளவை 15 ஆக உயர்த்தியுள்ளது.

புதிய வரம்பை அமைத்த பின் அது உண்மையில் செயற்படுகின்றதா என்பதை எளிதாகச் சோதிக்கலாம். சோதனைக் கணக்கு ஒன்றுக்கு நீண்ட கடவுச்சொல் வைத்து, அதன் கடைசி எழுத்தை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து நுழைய முயல வேண்டும். கணினி அனுமதித்தால், கடவுச்சொல் எங்கோ வெட்டப்படுகின்றது என்பது உறுதி.

இவற்றையும் பார்க்க

- யுனிக்ஸ்
- லினக்ஸ்
- கடவுச்சொல்
- மறையீட்டியல்
- ஒருங்குறி
- தமிழ் எழுத்துக் குறிமுறைகள்
- பாஸ் லினக்ஸ்